சாகை வார்த்தலுக்கு இங்கிலீஷில் என்ன?

ஆனி பாதி கழிந்தால் போதும், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கத்து அம்மன் கோயில்களின் விழாக் குழுவினர் நோட்டீஸ் அடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மஞ்சள் தாள், நடுவில் அம்மன் படம், இரண்டு ஓரத்திலும் வேப்பிலை, கீழே உபயதாரர் பட்டியல். முன்பெல்லாம் நேராக அச்சகத்துக்குப் போய்விடும். இப்போது போகும் வழியில் என் வீட்டு வாசலிலும் ஒருமுறை நிற்கிறது. “மேடம், இதையே இங்கிலீஷ்லயும் போட்டுக் குடுங்க. அப்பார்ட்மென்ட் குரூப்ல எல்லாம் அனுப்பணும்.”

மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். சொத்துப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், மருத்துவமனைக் கையேடு, ஆவணப்படத்துக்கு அடியில் ஓடும் வசன வரி என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வேன். வில்லங்கச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதிவுத்துறையே சொல் வைத்திருக்கிறது. திருவிழா நோட்டீஸுக்கு அப்படி ஒரு புண்ணியவான் இல்லை.

ஆடி நோட்டீஸின் வரிசை கிட்டத்தட்ட எல்லாக் கோயிலிலும் ஒன்றுதான். முதலில் காப்பு கட்டுதல். பிறகு பால்குடம். ஞாயிற்றுக்கிழமை காலை கரகம் ஜோடித்தல், பகலில் சாகை வார்த்தல், இரவு கும்பம் போடுதல், பம்பை உடுக்கையோடு அம்மன் வர்ணிப்பு, வாணவேடிக்கையுடன் வீதியுலா. மறுநாள் மஞ்சள் நீராட்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டாம். மதுரைக்காரரிடம் ‘சாகை வார்த்தல்’ என்று சொன்னால் அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார். கூழ் ஊற்றுவதுதான் அது என்று சொன்னதும் “அட, அதுவா” என்பார். ஒடிசாவிலிருந்து மாற்றலாகி வந்த விமானப்படைக் குடும்பத்துக்கு அந்த ‘அட’ வருவதற்கு என்ன செய்வது?

அதனால் நோட்டீஸைக் கையில் வாங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த இங்கிலீஷ் யாருக்கு என்பது. குழுவில் யாராவது ஒருவர் ஃபாரினர்ஸ் என்பார். தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு எப்போதாவது ஒரு வெளிநாட்டுக்காரர் வருவதுண்டு. சோழர் காலத்துக் கோயில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற தூங்கானை மாட விமானத்தைப் பார்க்க வருவார்கள். அம்மன் கோயில் கூழுக்கு அவர்கள் வருவதில்லை. வரக்கூடியவர்கள் இங்கேயே குடியிருப்பவர்கள். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளுக்கும் ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. அலுவலகங்களுக்கும் போகிறவர்கள். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை மாடம்பாக்கம் ஒரு பேரூராட்சி. வயலும் தோப்பும் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, ஊருக்குள்ளேயே ஊரை அறியாத ஒரு ஊர் வந்துவிட்டது. இன்னொரு கூட்டமும் உண்டு: தமிழ் பேசும், ஆனால் தமிழில் ஒரு பத்தி படிக்கச் சொன்னால் தடுமாறும் நம் வீட்டுப் பிள்ளைகள். என் ஆங்கிலத்தை அதிகம் படிப்பது அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

சொல் பிடிபடாவிட்டால் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம். கூழுக்காக அப்படித்தான் போனேன். சனிக்கிழமை சாயங்காலமே கோயில் பின்புறம் அண்டா அண்டாவாகக் கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்துவிடுகிறார்கள், இரவெல்லாம் புளிக்க. காலையில் வேறொரு அண்டாவில் நொய் வேகிறது. வெந்ததும் புளித்த மாவுக் கரைசலை ஊற்றி, மரத் துடுப்பால் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். கிளறிக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்து, “இன்னாம்மா, நின்னுகினு எழுதிகினே கீற? இந்தா, ஒரு கை போடு” என்று துடுப்பை நீட்டினார். பத்துச் சுற்றில் தோள்பட்டை கழன்றுவிட்டது. பதம் பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழை லேசாகத் தொட்டார். ஒட்டவில்லை. “இப்போ எறக்கலாம்.” ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டு, அம்மனுக்குப் படைத்து, அப்புறம்தான் வார்ப்பது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, வீட்டுக்குப் போனால் கருவாட்டுக் குழம்பு.

இதைப் பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தால் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. பாரிட்ஜ் என்றால் ஓட்ஸும் பாலும் சர்க்கரையுமாகக் காலைச் சாப்பாடு மேசைக்கு வந்துவிடுகிறது. க்ரூயல் என்றால் நோயாளிக்கும் அநாதைக்கும் ஊற்றுவது. டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் இன்னும் கொஞ்சம் கேட்டு, கரண்டியாலேயே அடி வாங்கியது அதற்காகத்தான். நம் ஊரில் கரண்டி பிடித்தவர் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவார். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் இதே க்ரூயலையோ பாரிட்ஜையோதான் போடுகின்றன. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அதன் மணம் வேறு, புளித்த கேழ்வரகின் மணம் வேறு. இலவச உணவு என்று எழுதினால் தர்மம் போலாகிவிடும், வசதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அம்மன் கூழுக்குப் பணக்காரர், ஏழை என்ற கணக்கே கிடையாது.

கடைசியில் கூழ் என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதினேன்: புளிக்க வைத்த கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்துக் காய்ச்சியது, அம்மனுக்குப் படைத்தபின் யார் வந்தாலும் ஊற்றப்படும், பாத்திரம் கொண்டுவரவும். செயலாளர் படித்துப் பார்த்தார். “பாத்திரம் கொண்டுவரவும்னு தமிழ்ல இல்லையே மேடம்?”

“தமிழ்ல எதுக்கு சார்? நம்ம ஜனங்களுக்குத் தெரியும். அவங்க வெறுங்கையோட வந்து நிப்பாங்க.”

காப்பு கட்டுதலுக்கும் இதே வழிதான். ரட்சைக் கயிறு கட்டும் சடங்கு என்று எழுதினால் ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், பயன் ஒன்றும் இருக்காது. காப்பு கட்டியவர்கள் விழா முடியும்வரை விரதம் இருப்பார்கள், ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கமாட்டார்கள், பழைய குடும்பங்கள் அதுவரை வீட்டில் சுபகாரியம் வைக்கமாட்டார்கள். வீட்டுக்காரம்மா ஏன் கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப்போடுகிறார், எதிர்வீட்டுத் தம்பி கையில் ஏன் மஞ்சள் கயிறு என்று கேட்பவருக்கு இந்த மூன்றும்தான் வேண்டும்.

பல வருஷம் இப்படி நோட்டீஸ்களோடு மல்லுக்கட்டிய பிறகு ஒன்று புரிந்தது. நம் திருவிழாச் சொற்களில் பெரும்பாலானவை வேலையின் பெயர்கள். கட்டுதல், ஊற்றுதல், மிதித்தல், குத்துதல், வடம் பிடித்தல், விளக்கேற்றுதல், கொலு வைத்தல், மாவிளக்கு போடுதல். பொங்கல் என்பதே பொங்குவதுதான். யாரோ ஒருவர் கையால் செய்வது ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது நம்மவர்களின் கை தானாக ஃபெஸ்டிவல், ரிச்சுவல், செரிமனி என்று பெயர்களைத் தேடிப் போகிறது. செய்தவரும் செய்கையும் காணாமல் போய், பார்வையாளருக்கான நிகழ்ச்சி மட்டும் மிஞ்சும். பெயரைத் தமிழிலேயே விடு, செய்கையை ஆங்கிலத்தில் சொல். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அகராதிகளை நான் குறை சொல்வதில்லை. 1862இல் வந்த வின்ஸ்லோவும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனும், 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியா அகராதியும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. க்ரியாவை அதிகம் புரட்டுகிறேன். சொல் வாக்கியத்தில் எப்படி உட்கார்கிறது என்று காட்டும். ஆனால் எத்தனை மணிக்கு, எந்தப் பாத்திரத்தோடு, செருப்பை எங்கே விட்டு என்பதை அகராதி சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சில ஆங்கிலச் சொற்களைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. தேரோட்டம் இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகையில் கார் ஃபெஸ்டிவல்தான். பழைய ஆங்கிலத்தில் கார் என்றால் ரதம். மோட்டார் வந்த பிறகு அந்த அர்த்தம் ஒதுங்கிவிட்டது. திருவாரூர் ஆழித்தேரைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் பிள்ளை, பழைய மாடல் கார்களின் அணிவகுப்பு என்று நினைத்தால் அதன் மேல் தப்பில்லை. தெப்பத்துக்கு ஃப்ளோட் ஃபெஸ்டிவல். அமெரிக்காவில் ஃப்ளோட் என்றால் ஊர்வலத்தில் வரும் அலங்கார வண்டி. மயிலை கபாலி தெப்பம் அங்கே போனால் குளத்தை விட்டுத் தெருவுக்கு வந்துவிடும்.

இங்கே எனக்குக் கை கொடுப்பது ஆங்கிலமே அல்ல. ஒடிசாக்காரருக்குத் தேர் என்பதை விளக்க, ரத் என்று எழுதினால் போதும். பூரி ஜகந்நாதர் கண்முன் வந்துவிடுவார். மலையாளிக்குத் தாலப்பொலியைச் சொல்லி மாவிளக்கு ஊர்வலத்தைக் காட்டலாம். ஆங்கில வாக்கியத்துக்குள் இந்த இந்தியச் சொற்களைத் தைரியமாக நட்டுவிடுகிறேன். எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மகர சங்கராந்தியும் பொங்கலும் ஒரே நாளில் வரும். ஆனால் எள்ளுருண்டை கொடுத்துப் பட்டம் விடும் வீட்டையும் வாசலில் பானை வைத்துப் பொங்கலோ பொங்கல் என்று கூவும் வீட்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு சொல் தப்பான இடத்தில் விழுந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜல்லிக்கட்டில் பார்த்தோம். உச்ச நீதிமன்றம் 2014 மே 7இல் தடை விதித்ததிலிருந்து 2017 ஜனவரி மெரினா போராட்டம் வரை வெளிநாட்டு ஊடகங்களில் புல் ஃபைட் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. படிப்பவர் மனத்தில் உடனே வாளும் சிவப்புத் துணியும் செத்து விழும் காளையும். ஸ்பானியக்காரர்களே தங்கள் விளையாட்டைச் சண்டை என்று சொல்வதில்லை என்பது இதிலுள்ள வேடிக்கை. அவர்கள் வைத்த பெயர் கொரிதா தெ தோரோஸ், காளைகளின் ஓட்டம். பாம்ப்லோனா நகரில் ஜூலை மாதம் சான் ஃபெர்மின் திருவிழாவில் காளைகளுக்கு முன்னால் ஓடுகிறார்களே, அதற்கு என்சியெரோ என்று பெயர். அடைப்பது என்று அர்த்தம், மாட்டைப் பட்டியில் அடைப்பது. சண்டையை உள்ளே கொண்டுவந்தது ஆங்கிலம். நம் பழைய பெயரான ஏறு தழுவுதலிலும் அணைப்பதுதான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒரு ஆவணப்படத்துக்கு வசன வரி எழுதினேன். புல் டேமிங் என்று போடச் சொன்னார்கள். அடக்குவது என்ற அர்த்தமும் முழுசாகப் பொருந்தவில்லை; வாடிவாசலைத் தாண்டி வந்த காளையின் திமிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் தாக்குப்பிடிப்பதுதான் ஆட்டம், விட்ட பிறகு காளை தன் வழியே போய்விடும். ஜல்லிக்கட்டு என்ற பெயரை அப்படியே விட்டு, திமிலைப் பிடி, விடாதே என்று கத்துவதைச் செய்கையாகப் போட்டேன். பிற்பாடு தமிழ்நாடு அரசின் 2017ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தைப் படித்தால், ஆங்கிலச் சட்ட வாசகத்திலேயே ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று நாலு பெயரும் தமிழாகவே இருக்கின்றன. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்று சொன்னது அந்தச் சட்டத்தைத்தான். சட்டம் எழுதுபவர்களே பெயரில் கைவைக்காதபோது நோட்டீஸ் எழுதும் எனக்கென்ன?

பெயரை அப்படியே விடுவதா, உள்ளூர்ச் சொல்லுக்கு மாற்றுவதா என்பது பழைய வழக்கு. எதிர்த்திசையில் இதைச் செய்தவர்கள் கிறிஸ்தவ சமயத்தார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பைச் சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம் என்று ஒலியோடு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் தபசு காலம் என்றும் தவக்காலம் என்றும் நம் சொல்லில் வைத்தார்கள். நெற்றியில் சாம்பல் இடும் புதன்கிழமை ஒரு பக்கம் சாம்பல் புதன், இன்னொரு பக்கம் விபூதிப் புதன். விபூதி என்றதும் தமிழ்க் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறு அதைவிட அழகு. ஓலை கையில் இருக்கிறது, சிலுவையாக மடிக்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டு வழியும் பிழைத்தது. கூட்டம் கூடிச் செய்துகொண்டே இருந்தால் எந்தச் சொல்லும் ஊரில் ஊன்றிவிடும். மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறிப் பிறந்தநாள்தோறும் பொம்மைப் பானையைக் கட்டித் தொங்கவிட்டு அடித்ததால், பின்யாத்தா என்ற சொல்லை ஆங்கிலம் மொழிபெயர்க்காமலே வாங்கிக்கொண்டது. அதன் உடன்பிறப்பான நம் உறியடி இன்னும் பாட் பிரேக்கிங் என்று வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

எனக்கு மிகப் பிடித்த வேலை ஒரு கார்த்திகைக் காட்சி. படத்தில் ஒரு பையன் இன்னொருவனைக் கூப்பிடுகிறான்: “மாவலி சுத்த வர்றியா?” ஆண் பனையின் பூவைக் காயவைத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துப் பொடியாக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டித் திரிபோல் கட்டுவார்கள். அதைப் பனை மட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் இறுக்கி, கயிறு கட்டி, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் வீசிச் சுழற்றினால், காற்றுப் பட்டுப் பொறி பூவாகக் கொட்டும். பட்டாசுக் கடைக்கு ஒரு காசு போகாது. மத்தாப்பு என்று எழுதினால் கடையில் வாங்கியதாகிவிடும். தீப்பந்தம் என்றால் கலவரம் மாதிரி. வசன வரியில் எனக்குக் கிடைப்பது ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டே வரி, படித்து முடிக்கச் சில விநாடி. அங்கே விளக்கத்துக்கு இடமேது? என்கூட நெருப்பு சுத்த வர்றியா என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டேன். அடுத்த ஷாட்டில் அவன் சுற்றுகிறான். மீதியைக் கேமரா பார்த்துக்கொண்டது. பெயர் போயிற்று, செய்கை நின்றது. நோட்டீஸில் பெயரை விடமாட்டேன், திரையில் விட்டுக்கொடுப்பேன். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மறுபடி மறுபடி படிக்கலாம், திரை காத்திருக்காது.

பொங்கலை மட்டும் எல்லோரும் ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல் என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அது இலையுதிர் காலத்தில் சர்ச்சில் நடக்கும் நன்றி வழிபாட்டின் பெயர். இங்கே மாடம்பாக்கத்திலோ அறுப்பதற்கு நெல்லே இல்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் வண்டியில் வந்து கேம்ப் ரோட்டில் இறங்குகின்றன. ஆனாலும் பால் பொங்குகிறது, மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிறார்கள், காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகும் சாலை திணறுகிறது. கடல் தாண்டிப் போன தமிழர்கள் இதில் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள். சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகைகள் தீமிதியையும் தைப்பூசத்தையும் காவடியையும் அப்படியே எழுதுகின்றன. கனடா நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றுக்கொண்டது, அந்த மாதத்தில் தைப்பொங்கல் வருகிறது என்பதால்தான். நம் பக்கத்தில் இந்தத் துணிச்சல் துணிக்கடைக்காரர்களுக்கு வந்தது. தியாகராய நகர் ஆங்கில விளம்பரங்கள் ஆடியை ஆடி என்றே போட்டு, தள்ளுபடியைக் காட்டி, வந்தவர் போனவர் எல்லோருக்கும் அந்த மாதத்தின் பெயரைக் கற்றுக்கொடுத்துவிட்டன.

கூலி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், கும்பம் போடுதல் என்ற இரண்டு சொல்லுக்கு நான் இரண்டு வரி எழுதுகிறேன்: இரவில் அம்மனுக்கு முன் சோற்றைக் குவித்துக் காய்கறியும் கருவாடும் முட்டையும் வைத்துப் படைப்பது, பம்பைச் சத்தம் பலமாக இருக்கும், சின்னக் குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் எண்ணிப் பார்த்துவிட்டு, “வளத்துட்டீங்களே மேடம்” என்பார். அதனால் கோயில் நோட்டீஸுக்குப் பக்கக் கணக்கு மட்டும்தான். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கும் அதையே சொல்கிறேன். வாசகர் அன்று கோயில் வாசலில் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கலாம், கையில் என்ன வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்பது உங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் அவர் உள்ளே வந்துவிடுவார்.

சென்ற ஆடிக்கு வந்த நோட்டீஸில் ஒரு மாற்றம். சாகை வார்த்தலுக்குக் கீழே, தமிழிலேயே, பாத்திரம் கொண்டுவரவும் என்று அச்சாகியிருந்தது. செயலாளரைக் கேட்டேன். “நம்ம தெருவுலயே பாதிப் பேர் புதுசு மேடம். தமிழ்க்காரங்களும் வெறுங்கையோடதான் வர்றாங்க” என்றார்.